ஒமாஹாவுக்குப் போகும் வழி: கல்லூரி பேஸ்பால் உலகத் தொடரின் கதை

#1 சோளக்காட்டான்

ஜூன் பிறந்தால் எங்கள் ஊரின் முகமே மாறிவிடும். நான் ஒமாஹாவுக்குக் குடிவந்து 19 வருஷம் ஆகிறது. நெப்ராஸ்கா மாநிலம். ஊரைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய வரை சோளக்காடுதான். மேஜர் லீக் (தொழில்முறை பேஸ்பாலின் உச்ச லீக்) அணி கிடையாது, கடல் கிடையாது, மலை கிடையாது. ஆனால் அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலின் முதல் டிவிஷன் (மேல்மட்டப் பிரிவு) சாம்பியன் யார் என்பது 1950 முதல் இந்த ஊரில்தான் முடிவாகிறது. காலேஜ் வேர்ல்ட் சீரிஸ் என்று பெயர். கொரோனாவால் ரத்தான 2020 தவிர ஒரு வருஷமும் நின்றதில்லை.

ஆனால் தொடர் பிறந்தது இங்கே இல்லை. 1947-இல் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூவில் முதல் இறுதிப்போட்டி நடந்தது. பெர்க்லியில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் யேலும் மோதின. மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயிக்க வேண்டும். கலிஃபோர்னியா 17-4, 8-7 என்று இரண்டே ஆட்டத்தில் முடித்துவிட்டது. அந்த யேல் அணியில் ஃபர்ஸ்ட் பேஸ்மேனாக (ஓட்டக்காரர் தொட வேண்டிய நான்கு இடங்களில் முதலாவதைக் காப்பவராக) நின்றவர் பிறகு அமெரிக்க அதிபரான மூத்த ஜார்ஜ் புஷ். அடுத்த வருஷம் அவரே கேப்டன். மறுபடியும் கலமசூ, மறுபடியும் இறுதி, இந்த முறை யுஎஸ்சியிடம் (சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) ஆட்டக் கணக்கில் 2-1 என்று தோல்வி. 1949-இல் தொடர் கான்சாஸின் விச்சிட்டாவுக்குப் போனது. டெக்சாஸ் ஜெயித்தது.

1950-இல் ஒமாஹாவுக்கு வந்தது. இங்கே 1948-இல் ஒரு நகராட்சி ஸ்டேடியம் திறந்திருந்தார்கள். அதற்காக முன்னால் நின்று பாடுபட்டவர் ஜானி ரோசன்ப்ளாட். இளமையில் தானே பேஸ்பால் ஆடியவர், பின்னால் ஊர் மேயரானவர். 1964-இல் ஸ்டேடியத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

ஆரம்ப வருஷங்களில் தொடர் நஷ்டத்தில் ஓடியது. கூட்டமும் பெரிதாக இல்லை. "போதும், வேறு ஊர் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அப்போதே சொல்லியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஊர்க்காரர்கள் அப்படிச் சொல்லவில்லை. கைக்காசு போட்டு, வியாபாரிகளிடம் டிக்கெட் விற்று, தொடரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு 2035 வரை ஒப்பந்தம் இருக்கிறது. 2023-இல் மட்டும் சுமார் 3.9 லட்சம் பேர் வந்தார்கள். பெரிய ஆட்டக்காரர்களைப் பற்றி நிறையப் பேசலாம், ஆனால் இந்தத் தொடரை வளர்த்தது இந்த ஊரின் பொறுமை என்று நான் உறுதியாக நம்புகிறேன். மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

#2 வைகைக்கரை

அண்ணே, அருமையான தொடக்கம். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன், பேஸ்பால் அரைகுறையாத்தான் தெரியும். ரெண்டு சந்தேகம். எத்தனை அணி வரும்? நாக் அவுட்டா, லீக்கா?

#3 சோளக்காட்டான்

தம்பி, ரெண்டும் கலந்த மாதிரி. 1999 முதல் நாடு முழுக்க 64 அணிகளை எடுக்கிறார்கள். நாலு நாலாகப் பிரித்து 16 ஊர்களில் ரீஜனல் என்ற வட்டாரச் சுற்று. ஜெயித்த 16 அணிகளும் ஜோடி ஜோடியாக சூப்பர் ரீஜனல் ஆடும். அதில் மிஞ்சும் எட்டு அணிதான் ஒமாஹாவுக்கு வரும். எட்டுக்குள் வந்தாலே பெரிய கௌரவம். "இந்த வருஷம் ஒமாஹா" என்றுதான் ஆட்டக்காரர்கள் பேசிக்கொள்வார்கள், பட்டத்தைப் பற்றிப் பேசவே மாட்டார்கள்.

இங்கே ஒரு தோல்வியோடு கதை முடியாது. இரண்டாவது முறை தோற்றால்தான் வெளியே. பேஸ்பாலில் ஒரு நாள் நல்ல பிட்சர் (பந்தை எறிபவர்) அமைந்துவிட்டால் பலவீனமான அணி கூடப் பெரிய அணியைச் சாய்த்துவிடும். அதனால்தான் இந்த ஏற்பாடு. ஆனால் முதல் ஆட்டம் தோற்ற அணி அதன்பின் கூடுதல் ஆட்டம் ஆட வேண்டி வரும். பிட்சர்களின் தோள் தாங்காது. யாரை இன்றைக்கு எறியவிடுவது, யாரை நாளைக்கு மிச்சம் வைப்பது என்ற கணக்கில்தான் கோச்சுக்கு முடி நரைக்கும்.

1950 முதல் 1987 வரை எட்டு அணிகளும் ஒரே பட்டியலில் இப்படித்தான் மோதின. 1988-இல் நாலு நாலாக இரண்டாகப் பிரித்து, இரு பக்க வெற்றியாளருக்கும் ஒரே ஒரு இறுதி ஆட்டம் வைத்தார்கள். டிவிக்காகச் செய்த மாற்றம். 2003 முதல் மூன்று ஆட்ட இறுதி. அந்த வருஷம் ரைஸ் பல்கலைக்கழகம் ஸ்டான்ஃபர்டை மூன்றாவது ஆட்டத்தில் 14-2 என்று அடித்தது. எந்த விளையாட்டிலும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அதுதான் முதல் தேசியப் பட்டம்.

#4 கணக்குப்பிள்ளை

பட்டங்கள்: யுஎஸ்சி 12, எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) 8, டெக்சாஸ் 6, அரிசோனா ஸ்டேட் 5. தொடருக்கு அதிக முறை வந்தது டெக்சாஸ், 38 தடவை.

யுஎஸ்சியின் கதையைச் சொல்லாமல் இந்த இழை நகரக் கூடாது. ராட் டெடோ என்ற கோச் 1958-க்கும் 1978-க்கும் நடுவில் பத்துப் பட்டம் வாங்கினார். அதில் 1970 முதல் 1974 வரை தொடர்ந்து ஐந்து. அதற்குப் பிறகு தொடர்ந்து மூன்று வாங்கிய அணிகூட இல்லை. 1970 இறுதியில் ஃப்ளோரிடா ஸ்டேட்டை, வழக்கமான ஒன்பதைத் தாண்டி 15 இன்னிங்ஸ் ஆடி 2-1 என்று வென்றார்கள். அன்றைக்குத் தோற்ற ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு இன்று வரை பட்டமே இல்லை. இருபது தடவைக்கு மேல் ஒமாஹா வந்திருக்கிறார்கள். அவர்களுடைய கோச் மைக் மார்ட்டின் 2,029 வெற்றிகளோடு 2019-இல் ஓய்வு பெற்றார். கல்லூரி பேஸ்பாலில் அவ்வளவு வெற்றி அதுவரை யாருக்கும் கிடையாது. ஒமாஹாவில் கடைசி ஆட்டத்தை மட்டும் அவரால் ஜெயிக்க முடியவில்லை. அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

#5 மரமட்டை

கணக்குப்பிள்ளை ஐயா, யுஎஸ்சியின் ஐந்து பட்டங்களில் 1973-ஐத் தனியாகச் சொல்லணும். அரையிறுதியில் மினசோட்டா. பிட்சிங் மேட்டில் (பிட்சர் நின்று எறியும் இடம்) மினசோட்டாவின் டேவ் வின்ஃபீல்ட். ஆறரை அடி உயரம். அன்றைக்கு 15 பேரை ஸ்டிரைக் அவுட் (மூன்று பந்தைத் தவறவிட்டால் அவுட்) ஆக்கினார். கடைசி இன்னிங்ஸின் கடைசிப் பாதி தொடங்கும்போது 7-0 என்று மினசோட்டா முன்னணியில். எதிரே ஃப்ரெட் லின், ராய் ஸ்மாலி மாதிரி பின்னால் மேஜர் லீக் ஆடப்போகிற பையன்கள் வரிசையாக இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் கதை. வின்ஃபீல்டின் கை ஓய்ந்தது. அவரை மைதானத்தின் இடது ஓரமான லெஃப்ட் ஃபீல்டுக்கு அனுப்பிவிட்டு வேறு பிட்சரைக் கொண்டுவந்தார்கள். யுஎஸ்சி அந்த ஒரே அரை இன்னிங்ஸில் எட்டு ரன் எடுத்து 8-7 என்று ஜெயித்தது. தன் ஆட்டம் கைநழுவிப் போவதை அவர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வின்ஃபீல்டுக்கே கொடுத்தார்கள். அந்த வருஷம் பேஸ்பால், பாஸ்கெட்பால், அமெரிக்க ஃபுட்பால் என்று மூன்று விளையாட்டு அணிகளும் அவரைத் தேர்ந்தெடுத்தன. நேராக சான் டியேகோ பாட்ரஸுக்குப் போய் மேஜர் லீகில் ஆடினார்.

நான் ஏன் இதை இழுக்கிறேன் என்றால், அதுதான் மர மட்டையில் ஆடிய கடைசித் தொடர். 1974-இல் அலுமினிய மட்டையை அனுமதித்தார்கள். மட்டை உடைந்து உடைந்து கல்லூரிகளுக்குச் செலவு தாங்கவில்லை என்பதுதான் காரணம். காரணம் நியாயம்தான், ஆனால் விளைவு ஆட்டத்தையே மாற்றிவிட்டது. மர மட்டையில் பந்து தப்பான இடத்தில் பட்டால் கை வலிக்கும், பந்து செத்து விழும். அலுமினியத்தில் அதே பந்து வேலியைத் தாண்டும். ஒமாஹாவின் பொறுமைதான் தொடரை வளர்த்தது என்கிறார் சோளக்காட்டான். சரி, ஆனால் தொடரின் குணத்தை மாற்றியது மட்டைதான்.

#6 லூசியானா அக்கா

மரமட்டை தம்பி, மன்னிக்கணும், நான் ஒத்துக்கமாட்டேன். நாங்க லூசியானாவோட பேட்டன் ரூஜ்ல இருக்கோம். எல்எஸ்யு எங்க வீட்டு அணி. எங்க வீட்டுல ஜூன் 8, 1996-ஐ யாரும் மறக்கமாட்டாங்க.

இறுதி ஆட்டம், எதிரே மியாமி. ஒன்பதாவது இன்னிங்ஸ், ரெண்டு அவுட், மியாமி 8-7 முன்னால. மூணாவது பேஸ்ல ஒரு ஓட்டக்காரர். பேட்டிங் வரிசையில ஒன்பதாவது ஆள் வாரன் மாரிஸ் வர்றார். கையில எலும்பு முறிஞ்சு ஆபரேஷன் ஆகி, சீசனில் பாதிக்கு மேல ஆடாம இருந்தவர். அந்த வருஷம் ஒரு ஹோம் ரன்கூட (வேலியைத் தாண்டுற அடி) அடிச்சதில்லை. முதல் பந்து. வலது பக்க வேலியை ஒட்டித் தாழ்வாப் பறந்து போய் விழுந்தது. 9-8. பட்டம் எங்களுக்கு. பந்து வேலியைத் தாண்டினதும் மியாமி பையன்கள் நின்ற இடத்திலேயே தரையில் சாய்ஞ்சு விழுந்துட்டாங்க. அந்தக் காட்சியை இப்ப பார்த்தாலும் எனக்கு சந்தோஷத்தோட அவங்க மேல பரிதாபமும் வரும். அந்தக் கோடையில அவர் அட்லாண்டா ஒலிம்பிக்ஸ்ல ஆடி வெண்கலம் வாங்கினார்.

அவர் கையில இருந்ததும் அலுமினிய மட்டைதான். அதனால அந்த அடி குறைஞ்சதாயிடுமா?

#7 மரமட்டை

குறையாது அக்கா. மாரிஸ் அடித்ததில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் சொல்வது அதற்கு இரண்டு வருஷம் கழித்து நடந்ததை. 1998 இறுதி ஆட்டத்தின் ஸ்கோரைப் பாருங்கள்: யுஎஸ்சி 21, அரிசோனா ஸ்டேட் 14. பேஸ்பாலில் ஒரு இறுதி ஆட்டம் இப்படி இருக்கலாமா? உங்கள் எல்எஸ்யுவே அந்தத் தொடரில் ஒரு ஆட்டத்தில் எட்டு ஹோம் ரன் அடித்தது. அதற்கு முந்தைய சீசனில் மொத்தம் 188. பிட்சர்களுக்கு ஆபத்து என்ற பயமே வந்துவிட்டது. அடிபட்ட பந்து 60 அடி தூரத்தில் நிற்கிறவன் முகத்துக்கு என்ன வேகத்தில் வரும் என்று யோசியுங்கள். 1999-இல் மட்டையின் எடை, தடிமன் விதிகளை இறுக்கினார்கள். 2011-இல் இன்னும் கடுமையான பரிசோதனை கொண்டுவந்தார்கள், உலோக மட்டையும் மர மட்டை அளவுக்குத்தான் பந்தைத் தள்ள வேண்டும் என்று.

அப்போது மறுபக்கம் சாய்ந்தது. அதே 2011-இல் ரோசன்ப்ளாட்டை விட்டு ஊர் நடுவில் புது ஸ்டேடியத்துக்கு மாறினார்கள். பெரிய மைதானம், காற்றும் அடிப்பவருக்கு எதிராக வீசும். 2013-இல் தொடர் முழுவதற்கும் மூன்றே ஹோம் ரன். 2014-இலும் மூன்றுதான். 2014-இன் கடைசி ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸில் ஜான் நார்வுட் அடித்த ஒரே ஹோம் ரன்னால் வாண்டர்பில்ட் 3-2 என்று வர்ஜீனியாவை வென்றது. 2015-இல் பந்தின் தையலைத் தட்டையாக்கிய பிறகுதான் பந்து மறுபடியும் பறக்க ஆரம்பித்தது. காற்றைக் கிழித்துப் போகத் தையல் மேடு குறைவாக இருக்க வேண்டும்.

#8 வைகைக்கரை

தையல் விஷயம் நம்ம ஆளுங்களுக்கு உடனே புரியும் அண்ணே. கிரிக்கெட்டுல டியூக் பந்துக்கும் கூகாபுரா பந்துக்கும் நடக்கிற அதே பஞ்சாயத்து.

#9 பனிநாட்டான்

மினியாபோலிஸிலிருந்து எழுதுகிறேன். வின்ஃபீல்ட் கதை வந்ததால் வாய் திறக்க வேண்டியதாகிவிட்டது.

எங்கள் மினசோட்டா 1956, 1960, 1964 என்று மூன்று பட்டம் வாங்கிய அணி. மிச்சிகன் 1953, 1962. ஓஹையோ ஸ்டேட் 1966. வடகிழக்கில் மாசசூசெட்ஸின் ஹோலி கிராஸ் 1952. இந்தப் பட்டியலில் கடைசி வருஷத்தைக் கவனியுங்கள்: 1966. அதன் பிறகு பனி அதிகம் பெய்யும் வடக்கு மாநிலங்களுக்குப் பட்டமே இல்லை. அண்மையில் நெருங்கி வந்தது மிச்சிகன், 2019-இல் இறுதி வரை வந்து வாண்டர்பில்ட்டிடம் தோற்றது.

திறமை இல்லாமலா? சீசன் பிப்ரவரி நடுவில் தொடங்குகிறது. அப்போது எங்கள் மைதானம் இரண்டடி பனிக்கு அடியில் இருக்கும். பையன்கள் முதல் சில வாரம் முழுக்கத் தெற்கே விமானம் ஏறி, எதிரணி ஊரிலேயே ஆடுகிறார்கள். ஃப்ளோரிடா, டெக்சாஸ், கலிஃபோர்னியா பையன்கள் ஜனவரியிலேயே வெயிலில் பயிற்சி. நல்ல பிட்சர் எந்தக் கல்லூரிக்குப் போவான்? இதில் ஒமாஹாவின் பொறுமையைப் பாராட்டும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது. தொடர் வடக்கே நடக்கிறது, பட்டம் தெற்கே போகிறது.

#10 சோளக்காட்டான்

அந்த வருத்தம் நியாயமானது அண்ணே. நெப்ராஸ்காக்காரர்களுக்கும் அதே வலி உண்டு. ஆனால் ஆரிகன் ஸ்டேட்டை மறந்துவிட்டீர்களே. பனி இல்லாவிட்டாலும் வசந்தம் முழுக்க மழை கொட்டும் ஊர். 2006, 2007, 2018 என்று மூன்று பட்டம். 2006-இல் முதல் ஆட்டத்தில் மியாமியிடம் 11-1 என்று உதை வாங்கி, அதன்பின் "இன்றைக்குத் தோற்றால் வீட்டுக்கு" என்ற நிலையில் ஆறு ஆட்டம் ஆடி ஆறையும் ஜெயித்தார்கள். நான் இந்த ஊருக்கு வருவதற்கு முன் நடந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் இன்னும் அதைப் பற்றிப் பேசுவார்.

#11 கணக்குப்பிள்ளை

இறுதிக்கு ஒரு ஆட்டம் நல்லதா, மூன்று நல்லதா என்று நானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். அக்காவின் மாரிஸ் கதை ஒற்றை ஆட்டத்தால் கிடைத்தது, உண்மை. ஆனால் மூன்று ஆட்டம் இல்லாவிட்டால் 2008-இன் ஃப்ரெஸ்னோ ஸ்டேட் கிடையாது. ரீஜனலில் நாலு அணிகளில் கடைசி இடத்தில் வைக்கப்பட்ட அணி. அப்படிப்பட்ட அணி பட்டம் வென்றது அது ஒன்றுதான். ஜார்ஜியாவிடம் முதல் ஆட்டம் 7-6 தோல்வி. இரண்டாவது 19-10 வெற்றி. மூன்றாவது 6-1. அந்தக் கடைசி ஆட்டத்தில் ஸ்டீவ் டெட்வைலர், கட்டை விரலில் தசைநார் கிழிந்த கையோடு, இரண்டு ஹோம் ரன் அடித்து ஆறு ரன்னும் அவர் கணக்கிலேயே வந்தது. ஒற்றை ஆட்டமாக இருந்தால் ஃப்ரெஸ்னோ முதல் நாளே தோற்ற அணி.

#12 லூசியானா அக்கா

அதுவும் சரிதான். எங்களுக்கே 2023-இல அந்த மூணாவது ஆட்டம்தான் கைகொடுத்தது. ரெண்டாவது ஆட்டத்துல ஃப்ளோரிடா எங்களை 24-4-னு அடிச்சாங்க. ஒமாஹா வரலாற்றிலேயே ஒரு ஆட்டத்துல அதிக ரன் அதுதான். அன்னைக்கு ராத்திரி வீட்ல யாரும் பேசிக்கலை. மறுநாள் 18-4-னு நாங்க ஜெயிச்சோம். பால் ஸ்கீன்ஸ் சிறந்த ஆட்டக்காரர். அடுத்த மாசம் டிராஃப்ட்ல (மேஜர் லீக் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிறது) முதல் ஆளா அவர், ரெண்டாவது ஆளா டிலன் க்ரூஸ். ஒரே கல்லூரிப் பையன்கள் முதல் ரெண்டு இடத்திலயும் போனது அதுதான் முதல் தடவை.

ஸ்டேடியம் வாசல்ல எங்க ஊர்க்காரங்க பெரிய அண்டா வச்சு ஜம்பலாயா (எங்க ஊர் காரசாரமான சோறு) கிளறி, முன்பின் தெரியாதவங்களுக்கெல்லாம் தட்டுல போட்டுக் கொடுப்பாங்க. அதுக்காகவே ஒமாஹாக்காரங்க எல்எஸ்யு வரணும்னு வேண்டிக்குவாங்க. சோளக்காட்டான் தம்பி, நீங்களும் சாப்பிட்டிருப்பீங்க.

#13 சோளக்காட்டான்

சாப்பிட்டிருக்கேன் அக்கா. ரெண்டு தட்டு.

#14 இடதுகை

மியாமி தோற்ற கதையையே சொல்கிறீர்கள், ஜெயித்த கதையையும் எழுதுங்கள். 1982. விச்சிட்டா ஸ்டேட்டின் ஃபில் ஸ்டீவன்சன் அந்த சீசனில் 87 பேஸ் திருடியவர் (பந்தை யாரும் அடிக்காதபோதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது). அவர் முதல் பேஸில் நின்றால் எந்தப் பிட்சருக்கும் கை நடுங்கும். கோச் ரான் ஃப்ரேசரின் மியாமி அதற்கென்றே ஒரு நாடகம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது. பிட்சர் மைக் காஸ்பர் முதல் பேஸுக்கு எறிவது போலக் கையை வீசினார். பந்து கையை விட்டுப் போகவே இல்லை. ஃபர்ஸ்ட் பேஸ்மேன் பந்து தப்பிவிட்டது போலப் பாய்ந்து விழுந்தார். மைதான ஓரத்தில் இருந்த மியாமி பையன்கள் எல்லாரும் பந்து உருண்டு வருவது போலக் கூச்சல் போட்டுக் கை காட்டினார்கள். ஸ்டீவன்சன் நம்பி இரண்டாவது பேஸுக்கு ஓடினார். பந்தோடு அவரை அங்கே காத்திருந்து தொட்டார்கள். 4-3 என்று மியாமி அந்த ஆட்டத்தை வென்றது. பிறகு பட்டத்துக்கான ஆட்டத்தில் அதே விச்சிட்டா ஸ்டேட்டை 9-3 என்று வென்றது. விதியை மீறாமல், வெறும் நடிப்பால் எடுத்த அவுட். இத்தனை பேர் சேர்ந்து ஒரே மூச்சில் செய்ததுதான் எனக்கு வியப்பு.

#15 பனிநாட்டான்

நல்ல நினைவுகளாகவே போகிறது. 2021-ஐயும் பதிவு செய்துவிடுவோம். நார்த் கரோலினா ஸ்டேட் இறுதிக்கு ஒரு வெற்றி தூரத்தில் இருந்தது. கொரோனா தொற்றால் வாண்டர்பில்ட்டுக்கு எதிராக 13 பேரை வைத்து ஆடினார்கள், 3-1 தோல்வி. மறுநாள் ஆட்டம்தான் இறுதிக்குப் போகக் கடைசி வாய்ப்பு. அன்று நள்ளிரவுக்கு மேல் ஆட்டம் ரத்து, அணி வெளியேற்றம் என்று அறிவிப்பு வந்தது. மைதானத்தில் முடிவாக வேண்டியது காகிதத்தில் முடிந்தது. விதியின்படி சரியாக இருக்கலாம். நான்கு வருஷம் அந்த நாளுக்காக உழைத்த பையன்களுக்கு அந்த விடியல் எப்படி இருந்திருக்கும்? வாண்டர்பில்ட்டை இறுதியில் வென்றது மிசிசிப்பி ஸ்டேட். அவர்களுக்கும் எந்த விளையாட்டிலும் அதுதான் முதல் தேசியப் பட்டம். அந்த மகிழ்ச்சியில் இந்தக் காயம் மறைந்துபோனதை என்னால் ஏற்க முடியவில்லை.

#16 வைகைக்கரை

ரோசன்ப்ளாட் ஸ்டேடியம் இன்னும் இருக்கா அண்ணே? அடுத்த ஜூன்ல டெஸ் மொய்ன்ஸ்ல இருக்கற தங்கச்சி வீட்டுக்கு வர்றேன். பக்கம்தானே.

#17 சோளக்காட்டான்

ரெண்டு மணி நேரக் கார்ப் பயணம் தம்பி, கட்டாயம் வாங்க.

ஸ்டேடியம் இல்லை. 2010-இல் கடைசித் தொடர். சவுத் கரோலினா 11 இன்னிங்ஸில் 2-1 என்று யுசிஎல்ஏவை (லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) வென்றது. விட் மெரிஃபீல்ட் அடித்த அடி, அங்கே நடந்த தொடரின் கடைசி ஹிட். 2012-இல் இடித்துவிட்டார்கள். இடம் பக்கத்து ஹென்ரி டோர்லி மிருகக்காட்சிச் சாலைக்குப் போய்விட்டது, பெரும்பகுதி இப்போது கார் நிறுத்துமிடம். தொடர் நடந்த காலத்தில் 13-ஆவது தெருவில் வீடு வைத்திருந்தவர்கள் தங்கள் வாசல் புல்வெளியிலேயே கார்களை நிறுத்தவிட்டுக் காசு பார்ப்பார்களாம். அந்த வீடுகள் சில இன்னும் இருக்கின்றன.

ஆனால் முழுதாக அழித்துவிடவில்லை. மிருகக்காட்சிச் சாலையின் கார் நிறுத்துமிடத்தில், சின்னப் பிள்ளைகள் ஆடும் அளவில் ஒரு இன்ஃபீல்ட் (பேஸ்கள் இருக்கும் உள் மைதானம்) போட்டிருக்கிறார்கள். ஹோம் பிளேட் (மட்டை பிடிப்பவர் நிற்கும் இடத்தில் பதித்த தட்டு) பழைய இடத்திலேயே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய் நிற்கலாம்.

#18 பனிநாட்டான்

அப்படியானால் வின்ஃபீல்ட் எறிந்த மேடு எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

#19 சோளக்காட்டான்

முடியும் அண்ணே. ஹோம் பிளேட்டின் பின்முனையிலிருந்து 60 அடி 6 அங்குலம். சனிக்கிழமை டேப்பும் சாக்கட்டியும் எடுத்துக்கொண்டு போகிறேன். குறி போட்டுப் படம் எடுத்து இங்கே போடுகிறேன்.